என் பெயரிலிருந்த தோப்பு

பொள்ளாச்சிப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே என் கணவர் குடும்பத்துக்குத் தென்னந்தோப்புகள் இருந்தன. மாமனார் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் என் கணவர். தோற்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அவர் என் பெயரைக் கொடுத்தார். என்னிடம் கேட்கவில்லை. சுவரொட்டியில் என் படத்தைவிட அவர் படம் பெரிது. ஜெயித்தேன். அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒன்று போட்டார்கள். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்காகக் கோபப்பட்டதாக நினைவில்லை.

தோப்புக்குப் பின்னால் எங்களிடம் வேலை செய்பவர்களின் காலனி. அவர்களுக்கு வழியென்று இருந்தது தோப்போரத்து வரப்பு மட்டும். மாமனார் காலத்திலிருந்தே பாதை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ‘பார்க்கலாம்’ என்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி. ஜீப்பு தோப்பு முனைக்கு மேல் போக முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து வரப்பில் தூக்கி வந்தவர்கள் வழியில் சறுக்கி விழுந்தார்கள். குழந்தை தங்கவில்லை. தலைவர் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நானும் அந்தச் சுவரையே பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை.

அந்த வரப்பை ஒட்டிய தோப்பு, கல்யாணமான புதிதில் மாமனார் ஏதோ வசதிக்காக என் பெயரில் எழுதியது. கணவர் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, பாதைக்கான நிலத்தைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

அவர் வருவதற்குள் சேதி எட்டிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கேட்டார்.

“என்னையக் கேக்காம ஏன் எழுதிக் குடுத்தே?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

அவர் சத்தம் போடவில்லை. “பாத வேணும்னுதான் இத்தன வருசமா நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னாங்க. இனி எதுக்கு வருவாங்க?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். பாதை வந்தது. அடுத்த தேர்தலில் அவரே நின்றார். காலனியில்கூட ஓட்டு விழவில்லை. முடிவு தெரிந்ததும் வீட்டுக்கு வந்து டிவியில் வேறு ஏதோ மாவட்டத்துச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போனதையே குடித்தார்.

கடைத்தெருவில் அவரைக் கண்டால் இன்னும் எழுந்து நிற்கிறார்கள். வீட்டுக்குத்தான் யாரும் வருவதில்லை. காலையில் வாசல் கேட்டைத் திறந்து வைக்கிறார், சாயங்காலம் சாத்துகிறார். எங்கள் தேங்காய் லாரியும் இப்போது அந்தப் பாதை வழியாகத்தான் போகிறது.