அறுபத்தொரு படிவங்கள்

இருபத்தெட்டு வருடம் ஒரே துறையில், ஒரே மாடியில், ஏறக்குறைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரை முன்னேறாதவர் என்பதா, அசையாதவர் என்பதா? இரண்டும் ஒன்றுதானே என்பார் அவருடைய நாத்தனார். இல்லை என்று வாதாட அந்தப் பொருளாதார விரிவுரையாளர் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. முதல் வகுப்பில் நூற்று நாற்பது பேர். ஒலிபெருக்கி உறுமியதே தவிரப் பேசவில்லை. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எங்கப்பா விலை ஏறப் போகுதுன்னு தெரிஞ்சா ரெண்டு மடங்கு வாங்கிட்டு வர்றாரே மேடம்?"

"உங்கப்பா அடுத்த மாசப் பாடம். அதுவரைக்கும் அவரைப் பொறுத்துக்கச் சொல்லு."

அன்றிலிருந்து வகுப்பு அவர் கைக்குள் வந்தது. நன்றாக நடத்துகிறார் என்று பெயர் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. முனைவர் பட்டத்தை ஏழு வருடம் இழுத்து முடித்தார். பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். முதல் முறை வேறொருவருக்குப் போயிற்று. இரண்டாம் முறை நேர்முகத் தேர்வுக்கு முந்தின வாரம் மதிப்பெண் விதிகளை மாற்றிவிட்டார்கள். மூன்றாம் முறை அழைப்பு வந்தபோது வயது ஐம்பத்து நான்கு. இதை விட்டால் அடுத்த தேர்வு வருவதற்குள் ஓய்வு வந்துவிடும்.

இந்த முறை அவரிடம் கனமான ஒரு சரக்கு இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் எழுதிய கட்டுரை. ஆயிரத்துச் சொச்சம் வீடுகளில் கணக்கெடுத்து, வாஷிங் மெஷின் வந்த வீடுகளில் பெண்களின் வீட்டுவேலை குறையவில்லை, வாரத்துக்கு ஒன்றரை மணிநேரம் கூடத்தான் செய்திருக்கிறது என்று காட்டியிருந்தார். பல நாட்டு ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். நாத்தனாரும் காட்டினார். "அண்ணியே புள்ளிவிவரத்தோட எழுதியிருக்காங்க, மெஷின் வந்தாலும் வேலை குறையாதாம்" என்று தன் கணவரிடம் சொல்லி, வீட்டுவேலைக்கு ஆள் வைத்துக்கொண்டார்.

தேர்வு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை முதுகலை மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தாள். பழைய கட்டுரையின் தரவைக் கொடுத்து, அதே அட்டவணையைத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்வது அவர் தரும் பயிற்சி. அந்த வருடம் சொந்தக் கட்டுரையையே கொடுத்திருந்தார்.

"மேடம், எனக்கு உங்க நம்பர் வரல."

"மறுபடி போடு."

"மூணு தடவை போட்டேன் மேடம். எனக்கு வேலை குறையுது. நாலு மணிநேரம்."

சராசரி போடும் முன் மிகச் சிறிய பத்து எண்களையும் மிகப் பெரிய பத்து எண்களையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் வகுப்பின் முதல் விதி. மாணவி பார்த்திருந்தாள். பெரிய எண்கள் பத்துமே தொண்ணூற்றொன்பது. அதற்குக் கீழேயும் தொண்ணூற்றொன்பது. எண்ணிப் பார்த்தால் அறுபத்தொரு படிவங்கள்.

விரிவுரையாளருக்கு உடனே விளங்கிவிட்டது. கணக்கெடுப்பில் 'தெரியாது' என்று பதில் வந்தால் தொண்ணூற்றொன்பது என்று குறிக்கச் சொன்னவர் அவரேதான். கூட்டும்போது அவற்றைத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. மெஷின் இருந்த வீடுகளில் பல பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவர்கள் கணவர்கள். மனைவி வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வீட்டுவேலை செய்கிறார் என்று கேட்டதற்கு அந்த அறுபத்தொரு பேரும் தெரியாது என்றிருக்கிறார்கள். கணினி அதைத் தொண்ணூற்றொன்பது மணிநேர உழைப்பாக எடுத்துக்கொண்டது. வெளியிடும் முன் ஆய்விதழின் நடுவர்கள் மூன்று பேர் கட்டுரையைப் படித்திருந்தார்கள். ஒரு பெண் வாரத்துக்கு அவ்வளவு நேரம் வீட்டில் உழைக்கிறாள் என்பது மூவருக்கும் நம்பக்கூடியதாகவே இருந்திருக்கிறது.

துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மேடம், வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. நீங்க தப்பைச் சனிக்கிழமை கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சாச்சே சார்."

"யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணு மார்க்குக்குப் பயந்து வாயைத் திறக்காது."

"முழு மார்க் போட்டுட்டேன் சார். இனிமே அதுக்கு என்ன பயம்?"

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கட்டுரை இல்லாம உங்க மார்க் எங்க நிக்கும்னு தெரியுமா?"

"போட்டுப் பார்த்தேன். வாசல்ல நிக்கும்."

வீட்டில் கணவர் பொறுமையாகக் கேட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுவதும் பிறர் எழுத்துகளைத் தடவித் தடவிப் படிப்பதைக் கேட்டுப் பழகிய பொறுமை அது. கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"நம்ம வீட்டையும் கணக்கெடுத்தியா? நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"நீங்க தொண்ணூத்தொம்பதுதாங்க. சந்தேகமே வேண்டாம்."

அடுத்த நாள் தொலைபேசியில் நாத்தனார் கொதித்தார். "அண்ணி, பேராசிரியர் ஆகப் போறீங்கன்னு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சொல்லிட்டேன். இப்போ வேலை குறையுதுன்னு எழுதினா, எங்க வீட்டுக்காரர் வேலைக்காரியை நிறுத்திடுவாரு!"

"அவர் ஆய்விதழ் படிக்கிறாரா?"

"படிக்க மாட்டாரு. ஆனா சொந்தக்காரங்க யாராவது போய்ச் சொல்லுவாங்க."

புதன்கிழமை மதியம் ஆய்விதழுக்குக் கடிதம் போயிற்று: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிழை என்னுடையது. வெள்ளிக்கிழமை தேர்வுக்குழுவின் ஐந்து பேர் முன்னாலும் அதன் நகலை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஐந்தாவதாக உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் தாளைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"நான் இதை ஆறு வருஷமா பாடம் நடத்திட்டிருக்கேனேம்மா."

"நானும்தான் சார்."

யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது தேர்வு மாதிரி இல்லை. முக்கால் மணிநேரம் எல்லாரும் தங்கள் தங்கள் தவறான அட்டவணைகளைப் பற்றிப் பேசினார்கள். மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. கற்பித்தல் அனுபவத்துக்கும் வேறு சிறு கட்டுரைகளுக்கும் குழு தாராளமாகவே மதிப்பெண் போட்டிருந்தது. அவர் பேராசிரியராகத் தேர்வாகியிருந்தார். முப்பது நாளுக்குள் கையெழுத்திட்டுச் சேர வேண்டும்.

நாத்தனார் மறுபடி எல்லாருக்கும் சொன்னார். துறைத்தலைவர் புது அறைக்கு மேசை பார்த்து வைத்தார். விரிவுரையாளர் உத்தரவை விடைத்தாள் கட்டுகளுக்கு மேலே வைத்திருந்தார்; கட்டு திருத்தத் திருத்த அது கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கணவர் ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு அதே இடத்தில் வைத்தார்.

அவர் கையெழுத்திடாமலே இருந்ததை நேர்மை என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட முடியாது. நேர்மைக்கு அந்தப் புதன்கிழமைக் கடிதமே போதும். குழு எல்லாம் தெரிந்துதான் கொடுத்தது, யாரும் ஏமாறவில்லை. கர்வம் என்று சிலர் சொன்னார்கள், பயம் என்று சிலர். பேராசிரியருக்கு வகுப்பு குறைவு, கமிட்டிக் கூட்டங்கள் அதிகம், அதுதான் காரணம் என்றார் துறைத்தலைவர். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

இருபத்தொன்பதாம் நாள், இரண்டு வகுப்புகளுக்கு நடுவில், அலுவலகத்துக்குப் போய்ப் பதவியை ஏற்கவில்லை என்பதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கினார். அப்படி ஒரு படிவம் இருப்பதே எழுத்தருக்கு அன்றுதான் தெரிந்தது. நின்றபடியே நிரப்பினார். பெயர், துறை, தேதி, கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு மாடி ஏறினார்.