நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று

ஃபிஜியின் தலைநகர் சுவாவில், கெலெராவின் பெயரைக் கேட்டாலே அமைச்சர்கள் கோப்பை இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள். நாடாளுமன்றக் குழுவுக்குப் புள்ளிவிவரம் சரிபார்த்துக் கொடுப்பது அவள் வேலை. துறைகள் அனுப்பும் எண்களில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, கேள்வியாக எழுதி உறுப்பினர்கள் கையில் கொடுத்துவிடுவாள். பதினோரு வருஷமாக ஒரு தடவைகூட அவள் கணக்கு தப்பியதில்லை.

அந்த முறை சிக்கியது அவளுடைய அப்பாவின் ஊர். 'நாற்பத்தொரு வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர்' என்றது குடிநீர்த் துறை. மருத்துவ நிலையப் பதிவிலோ அந்த ஊர்க் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறையவே இல்லை. குழாய் இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள், தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருக்க மாட்டார்கள்! நேரில் பார்க்கலாம் என்று குழுவைக் கிளப்பியவளே அவள்தான். 'தண்ணீர் இல்லை' என்று குழு எழுதினால் மலையூற்றிலிருந்து புதுக் குழாய் வரும்.

"அத்தை, பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க" என்று ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தாள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாட்சியைக் கலைத்ததாகுமாம்.

ஊரில் பாய் விரித்து, யங்கோனா வேர்ப் பானம் கலக்கிக் கொடுத்து, வரவேற்பு முடிந்தது. குழுத் தலைவர் அப்பெனிசா மூன்று வீட்டில் குழாயைத் திறந்தார். மூன்றிலும் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"என்னம்மா கெலெரா, உன் காகிதத்துல வறட்சி, இங்க வெள்ளம்! ஓடம் கொண்டாந்திருக்கலாமே!"

அவர் அவளுக்கு முறைக்காரர், கேலிக்கு உரிமை உண்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கூட வந்திருந்த துறை அதிகாரியிடம் போய், "மன்னிச்சிடுங்க, என் கணக்குதான் தப்பு" என்றாள்.

முகத்தை மறைக்க அடுக்களைக்குள் போனால், உனைசி அத்தையால் மரவள்ளிப் பானையைத் தூக்க முடியவில்லை. தோள் வீங்கிக் கிடந்தது.

"என்ன அத்தை இது?"

"ரெண்டு நாளா ஓடையிலேருந்து குழாய்க்குத் தண்ணி விடுற மேட்டுத் தொட்டிக்குச் சுமந்தோம்டி, பொம்பளைங்க பூரா. பெரியவங்க கை கழுவத் தண்ணி இல்லைன்னா உன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுப்ப?"

வெளியே அப்பெனிசா கை கழுவிக்கொண்டிருந்தார். கெலெரா வாயைத் திறந்தாள். விருந்து போட்ட ஊரை அந்த ஊரார் முன்னாலேயே பொய்யர் என்பதா? மூடிக்கொண்டாள். சுவாவில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சுவாவில் அறிக்கையை எழுதும்போது, "நாமதான் கண்ணால பாத்தோமே, வேற ஏதாவது இருக்கா?" என்று அப்பெனிசா கேட்கவும் செய்தார். இல்லை என்று தலையாட்டினாள். ஊர் மானத்துக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பச்சைப் பொய். சொந்த ஊர்ப் பெண்கள் சுமந்து ஊற்றியதுகூட அவளுக்குத் தெரியாமல் போனதே என்று இன்னொரு தடவை அவர்கள் சிரித்தால் தாங்க முடியாது, அவ்வளவுதான். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று என்று அவள் கையெழுத்தோடு சபைக்குப் போயிற்று. புதுக் குழாய் வேறு ஊருக்குப் போயிற்று.

அறிக்கை சபையில் வைக்கப்பட்ட அன்று சாயங்காலமே அத்தையிடமிருந்து போன் வந்தது.

"கெலெரா! அமைச்சரே உன் பேரச் சொல்லி நன்றி சொன்னாராமே, ரேடியோவுல கேட்டோம்! ஊரே கை தட்டுச்சுடி, எனக்கு அழுகையே வந்துடுச்சு." அத்தைக்கு மூச்சு வாங்கியது. "சரி, வெச்சிடட்டுமா? இருட்டுறதுக்குள்ள ஓடைக்குப் போயிட்டு வரணும்."