உக்கிரபாண்டி மச்சான் கட்டிய கூடம்

என் அக்கா வீட்டுக்காரர் உக்கிரபாண்டி கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்தவன் வரப்பில் ஒரு மண்வெட்டி மண் எடுத்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மச்சினன் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான். ஆனால் அது என் அக்கா மகள் ராக்குக்காக.

சுதந்திரம் வந்த மறு வருஷம் மச்சானுடைய அய்யா செத்துப்போனார். அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போனோம். எல்லாரும் கடலில் முழுகி, தீர்த்தமெல்லாம் ஆடி, சாமி கும்பிட்டுவிட்டுப் பார்த்தால் மச்சானைக் காணோம். வெளிப் பிரகாரத்துக் கோடியில் மொட்டைத் தலையோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் தூண்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. "மாப்ளே, இங்கன வந்து குனிஞ்சு பாரு. அந்தக் கடைசித் தூணு சுண்டுவெரலு தண்டிதான் தெரியுது" என்றார். பெற்றவரைக் கரைத்துவிட்டு வந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

அன்றைக்குப் பிடித்த பித்து. கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் எல்லார் வீடும் மண்சுவர்தான். அவருக்கு மட்டும் தூண் வைத்த கூடம் வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டார், உத்தரத்தைப் பார்ப்பார். புதுமடத்தில் வத்தல் வியாபாரி சதக்கத்துல்லா வீட்டு ஜன்னலில் வண்ணக் கண்ணாடி பதித்திருந்தார்கள். தரையில் விழுந்த சிவப்பு வெயிலை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். திருவாடானையில் ஒரு துக்க வீட்டில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருக்கும்போது எழுந்துபோய் வாசல் நிலையைத் தட்டிப் பார்த்து, "தேக்கா, வேங்கையா?" என்று இழவுக்காரனிடமே கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தூண் வரிசை நீளமாகப் போகவேண்டும் என்பதால் ஊருக்குள் இருந்த மனை பற்றவில்லை. கிணற்றை ஒட்டிய மிளகாய்த் தோட்டத்தில் கட்டலாம் என்றார். கொத்தனார் தவசி தயங்கினார். "கரிசல் மண்ணுங்க, கோடையில வெடிக்கும். கீழ சுக்கான் பாறை தட்டுற வரைக்கும் தோண்டிட்டுத்தான் அஸ்திவாரம் போடணும்."

மச்சான் சிரித்தார். "ஏலே, நான் பொறந்ததுல இருந்து இந்தத் தோட்டத்துல கெடக்கேன். எந்தக் கோடையிலயாவது இங்கன ஒரு வெடிப்பு பாத்துருக்கியா?"

தவசி பார்த்ததில்லை. ஊரில் யாருமே பார்த்ததில்லை. மச்சான் மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டு, அதில் மிச்சம் பிடித்த காசையெல்லாம் தூணில் போட்டார்.

ராக்கு பெரியவளானாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "கூடம் முடியட்டும். மணவறை இந்தத் தூணுக நடுவுலதான்" என்று சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் தூண், ஒரு வருஷம் கூரை, ஒரு வருஷம் தரைக்குப் பூக்கல். அவளோடு களையெடுத்த பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு வந்து கூடத்தை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். என் அக்கா ராமலெட்சுமி வாயைத் திறந்தால், "பொறு, பொறு" என்பார் மச்சான்.

ஒருவழியாக வேலை முடிந்தது. அபிராமம் பக்கத்திலிருந்து பூமிநாதன் என்கிற பையன் அமைந்தான். நல்ல பாட்டாளி. ராக்குக்கும் அவனைப் பிடித்திருந்தது. என் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். வைகாசியில் முகூர்த்தம்.

சித்திரையில் கூடத்துத் தரை வெடித்தது. சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். இரண்டு தூண் சாய்ந்து நின்றன. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மிளகாய்க்கு விடாமல் தண்ணீர் பாய்ந்ததால்தான் அந்த மண் இத்தனை காலம் வெடிக்காமல் கிடந்திருக்கிறது. கட்டுகிற வரைக்கும் சுண்ணாம்புக்கும் சுவருக்கும் தண்ணீர் புழங்கியது. வேலை முடிந்து, மண் முதன்முதலாகக் காய்ந்தது. வெள்ளாமை செய்கிற சம்சாரிக்கே இது தெரியாமல் போனது, அவர் சம்சாரியாக இருந்ததால்தான்.

மாப்பிள்ளையின் அய்யா சொந்தக்காரர்களோடு வந்து பார்த்தார். பெருந்தன்மையான மனுஷன். "மனசுல வச்சுக்கிறாதீங்க. எங்க வீட்டுல பந்தலப் போடுவோம். எங்களுக்குப் பொண்ணுதான வேணும், கூடமா வேணும்?"

கதவுக்குப் பின்னால் நின்ற ராக்கு, "அங்கனயே வச்சுக்கிருவோம்யா" என்றாள். தன் அய்யாவிடம் அவள் வாய்விட்டு ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாய்ந்த தூணைத் தடவிக்கொண்டே, "ஒரு மழை பேயட்டும், மண்ணு சேந்துக்கும். ஐப்பசியில வச்சுக்கிருவோம்" என்றார்.

வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். ஆவணியில் பூமிநாதனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

ஐப்பசியில் மழை பெய்தது, அவர் சொன்னபடியே மண்ணும் சேர்ந்துகொண்டது. தவசியை வைத்துத் தூணை நிமிர்த்திப் பூசினார். வெடித்த வீட்டில் பெண்ணெடுக்க அதற்குப்பிறகு யாரும் வரவில்லை. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அடுத்த கோடை வருமே என்பதுதான் கவலை. சுவரைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, பயிருக்குப் பாய்ச்சுகிற மாதிரி வீட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்னார். கமலையில் தண்ணீர் இறைக்கிற மாட்டை எப்போதோ விற்றாகிவிட்டது. ராக்குதான் இறைத்தாள். அந்தக் கோடை, அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை.

இந்தப் பங்குனியில் போயிருந்தேன். மச்சானுக்குக் கண் மங்கிவிட்டது, தூணைத் தொட்டுத்தான் நடக்கிறார். ராக்குக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "விட்டுத் தொலம்மா. விழுந்தா விழட்டும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சுவரோரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "இதும் விழுந்துருச்சுன்னா, நான் எதுக்காக இப்பிடி இருந்தேன்னு ஆயிரும்ல மாமா" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் இறைத்தேன்.