சங்கு மூக்கில் மஞ்சள்

கித்தானில் வண்ணம் ஊற்றுவதற்கு நான் முயன்று பார்த்தவை: டீ தம்ளர், குழிக்கரண்டி, ஊசி கழற்றிய சிரிஞ்ச். எதிலும் ஒரே கனத்தில் இறங்கவில்லை. கடைசியில் சரிப்பட்டது, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கு. அதன் மூக்கு குறுகலானது. சாய்க்கும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், நூலாகவும் வரும், நாடாவாகவும் வரும். சிவில் இன்ஜினியரிங் படித்தவளுக்கு அது பெரிய சந்தோஷம். இளையவள் பிறந்தபோது எவர்சில்வரில் ஒரே மாதிரி இரண்டு வந்திருந்தன. ஒன்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்து மாடி அறைக்குக் கொண்டுபோனேன்.

அறைக் கதவில் விதிகளும் எழுதி ஒட்டினேன். முதல் விதி, இங்குள்ள எதுவும் அடுப்படிக்குப் போகக் கூடாது.

என் படங்களில் உருவம் இருக்காது. பட்டைகள், கசிவுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. மூத்தவள் பள்ளியிலிருக்க, இளையவள் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தவரை.

அன்று இளையவளுக்குக் காய்ச்சல். பத்து மாதம் அவளுக்கு. ஒத்தாசைக்காகச் சமயநல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். ஈரமாயிருந்த படத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி இது, மழையில செவரு ஊறுன மாதிரி இருக்கு?"

"அதேதான்."

"அப்பச் சரி. நீங்க போயி ஊறப் போடுங்க. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்க இறங்கினேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் சங்கு கவிழ்ந்து கிடந்தது. அடியில் சிவப்புப் புள்ளி.

எடுத்துத் திருப்பினேன். மூக்கின் உட்புறம் காய்ந்து ஒட்டியிருந்த மஞ்சள், ஒரு பக்கம் பெயர்ந்து போயிருந்தது. காய்ச்சல் மருந்தும் ஆரஞ்சு நிறம். கலந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

"இதுலயா மருந்து குடுத்த?"

"ஆமா. அடுப்படித் தொட்டிக்கிட்ட கழுவிக் கவுத்தியிருந்துச்சே. ஏன் மதினி?"

அந்த மஞ்சளில் காட்மியம் உண்டு. என் வண்ணப் பட்டியலில் அதற்கு எதிரே "குழந்தைகள் கிட்டே வேண்டாம்" என்று நானே எழுதியிருந்தேன். நாத்தனாரிடம் "பெயிண்ட்" என்று மட்டும் சொன்னேன். வாயில் கை வைத்தவள், அடுத்த நொடி வண்டிச் சாவியைத் தேடினாள். நான் பிள்ளையையும் சங்கையும் மஞ்சள் டியூபையும் எடுத்துக்கொண்டேன்.

அவள் ஓட்டினாள். பின்னால் பிள்ளையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். நாக்கு சுத்தமாக இருந்தது, அது எதற்கும் நிரூபணம் இல்லை. சங்கு மூக்கின் நீளம், உள்விட்டம், பூச்சின் கனம் என்று மனசு கணக்குப் போட்டது. அரைக் கடுகளவு. அதிகம் போனால் ஒரு கடுகு. கணக்கு முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

"கண்ணு தெரியாத சிறுக்கி நான்," முன்னாலிருந்து அவள் குரல் காற்றில் வந்தது. "எம்புட்டு நம்பி விட்டுட்டுப் போனீக."

அந்தச் சங்கு அடுப்படிக்கு நடந்து வரவில்லை. முந்தின நாள் மாடிக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. வண்ணம் இறுகிவிடுமே என்று நான்தான் கீழே கொண்டுவந்து கழுவினேன். பாதியில் பிள்ளை அழுதாள், அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடினேன். தொட்டியருகே கவிழ்த்த சங்கு பிள்ளைக்கானது என்று நினைக்காத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்? இதெல்லாம் வண்டியிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் தன்னைத் திட்டிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூன்று கேள்வி கேட்டார்: என்ன வண்ணம், எவ்வளவு, எப்போது. டியூபை நீட்டிப் பதில் சொன்னேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"காஞ்ச துணுக்கு, அதுவும் இத்தினி. பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துரும். ஆனா சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும், பாத்துக்கிறேன்." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க. குடுக்கும்போது பாக்க மாட்டீங்களா?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"அவ மேல தப்பில்ல, டாக்டர்," என்றேன். "கழுவி அங்க வச்சது நான்."

நாத்தனார் என்னையே பார்த்தாள். வெளியே பெஞ்சுக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தாள்.

"இத வண்டியிலயே சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"சொல்லியிருக்கணும்."

"அம்புட்டுத் தூரமும் எனக்கு உசிரு எங்கிட்ட இல்ல. லாரி எது, பஸ்ஸு எதுன்னு தெரியாமத்தான் ஓட்டுனேன். பின்னால நீங்களும் பிள்ளையும்."

அதை நான் யோசித்திருக்கவில்லை. என் பட்டியலில் எந்த வரியிலும் அது இல்லை.

மாலைவரை பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. பால் குடித்தாள், காய்ச்சலும் இறங்கியது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லி, டாக்டரம்மா அனுப்பிவைத்தார். வாசலில் நாத்தனார் சாவியை என் கையில் வைத்தாள். பிள்ளையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நீங்க ஓட்டுங்க. இவ எங்கிட்ட இருக்கட்டும்."

நான் ஓட்டினேன்.