முதலிடத்தில் அண்ணன் குரல்

அவனுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அம்மா. பின்னே, இரண்டு பேருக்கான பேச்சை ஒருவனே பேசினால் வேறென்ன பெயர் வைப்பது? அண்ணனுக்குத் திக்குவாய். கடையில் சாமான் கேட்பதும், வாத்தியாருக்குப் பதில் சொல்வதும், அண்ணனைக் கேலி செய்தவனை வண்டை வண்டையாகத் திட்டுவதும் தம்பியின் வேலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் வாயில் இரண்டு பிள்ளைகள் பிழைத்தார்கள்.

வளர்ந்தபின் அண்ணன் டயர் கடையில் பஞ்சர் ஒட்டப் போனான். வாயாடி ராப் பாடப் போனான். ஒரு குழுவில் மூன்றாவது ஆளாகக் கத்திக்கொண்டிருந்தவனுக்கு, தனியாக ஒரு பாட்டாவது போட்டுவிட வேண்டும் என்று வெறி. ரெக்கார்டிங் அறை என்பது சவுண்ட் இன்ஜினீயரின் படுக்கையறைதான். எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. மைக் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் சாப்பாட்டு டப்பாவோடு கதவைத் திறந்தான்.

"த... த... தம்பி, சா... சாப்பிட்டியா?"

அது பதிவாகிவிட்டது. இன்ஜினீயர் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டான். திக்கல் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"டேய், இதாண்டா பாட்டே! எதுக்கும் உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

"எங்க அண்ணன்டா. அவன் என்ன வேணாம்னா சொல்லப்போறான்?"

வழக்கம்போல அண்ணனுக்கான பதிலையும் அவனே சொல்லிவிட்டான்.

பாட்டு, அந்த வாரத்து ஹிட் பாடல் பட்டியலின் அடிமட்டத்தில் நுழைந்து, மளமளவென்று ஏறி, முதலிடத்தில் சட்டமாகப் போய் உட்கார்ந்தது. பஸ்ஸில், சலூனில், ரேடியோவில் எங்கும் அண்ணன் குரல். முதல் தடவை கேட்டபோது அண்ணன் வெட்கப்பட்டுச் சிரிக்கக்கூடச் செய்தான்.

பிறகு டயர் கடைக்கு வந்தவர்கள் ஆரம்பித்தார்கள்.

"ட... ட... டயர் ரெ... ரெடியா பாஸு?"

கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவனுக்குப் பெருமையாக இருக்கும் என்றே நினைத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுவும் ஊருக்குப் பாடம் எடுத்தவன் கூடப் பிறந்தவனாக இருக்கும்போது? அண்ணன் பேச்சைக் குறைத்தான். கடைசியில் நிறுத்தியே விட்டான்.

பேட்டி, பாராட்டு என்று அலைந்த வாயாடிக்கு அம்மாதான் போன் செய்தாள்.

"வீட்ல அவன் குரலே கேக்கலடா. ரேடியோலதான் கேக்குது."

மறுநாள் மதியம் ஓடி வந்தான். சமையலறையில் அண்ணன் இவனுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"தப்புதாண்ணே. உன்னைக் கேட்டிருக்கணும். பாட்டையே எடுத்துடச் சொல்றேன். ரெண்டு அறை வேணா விடு. ஏதாவது பேசுண்ணே!"

அண்ணனின் நெற்றி சுருங்கியது. உதடு துடித்தது. முதல் எழுத்துக்காக வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். உதடு மூடிக்கொண்டது. அண்ணன் கையைத் துணியில் துடைத்துவிட்டு, போனை எடுத்து, பாட்டில் அந்த இடத்தைத் தேடி அழுத்தினான்.

"த... த... தம்பி, சா... சாப்பிட்டியா?" என்றது போன்.

அண்ணன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம். அடுத்து வாயாடியின் குரல் வருவதற்குள் பாட்டை நிறுத்திவிட்டு, தட்டை அவன் பக்கம் நகர்த்தினான்.