ஏழாம் பையில் முட்டை ஓடு

மண் பரிசோதனை நிலையத்தில் அவருக்குக் கடப்பாரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருடங்களாக, மழைக்கு முன் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையும், தோளில் கடப்பாரையோடு மலையேறி, ஏழு உயரங்களில் குழி தோண்டி, ஏழு பைகளில் மண் கொண்டுவருவது அவர் வேலை.

மலை முழுக்க ஒரே மண்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அடிவாரத்தில் வெயிலில் காய்ந்த செம்மண், கடப்பாரையோடு மல்லுக்கு நிற்கும். ஏற ஏறக் குளிரும் மழையும் கூடும். சிவப்பு பழுப்பாகும், பழுப்பு கறுப்பாகும். ஆறாவது இடம் அடர்ந்த காடு. அங்கே உதிர்ந்த இலை மக்கி, மண் பொலபொலவென்று இருக்கும். ஏழாவதில் மரமே கிடையாது. குளிரில் புல்வேர் மக்க மனமில்லாமல் நார் நாராகக் கிடக்கும். பிழிந்தால் தண்ணீர் சொட்டும். சுண்ணாம்புச் சத்தையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போய்விடுவதால் மேலே போகப் போக மண் புளிக்கும். இதை அவர் சப்புக்கொட்டிக்கொண்டே சொல்வார். ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்திருப்பாரோ என்று நிலையத்தில் எல்லோருக்கும் சந்தேகம். அவர் மறுத்ததில்லை.

இந்தத் தடவை ஆறாவது இடத்தில் முழங்கால் மக்கர் செய்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து மேலே பார்த்தார். இன்னும் ஒரு மணி நேர ஏற்றம். கால் முடியவில்லை என்று வாயைத் திறந்தால் நிலையத்தில் பரிசோதனை பாட்டில் கழுவ உட்கார வைத்துவிடுவார்கள். இவருக்கு முன்னால் மலையேறியவருக்கு அதுதான் நடந்தது. மலை இல்லாத ஒரு வருடத்தை இவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆறு பைகளோடு வீட்டுப் படியேறியபோது, மனைவியின் ரோஜாத் தொட்டி கண்ணில் பட்டது. ஏழாவது மண்ணும் கறுப்பு, இதுவும் கறுப்பு. யாருக்குத் தெரியப்போகிறது? ஏழாவது பையும் நிறைந்தது.

நாலாம் நாள், புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி தலைகால் புரியாமல் ஓடிவந்தார்.

"அண்ணே, ஏழாவது மண்ணுல சுண்ணாம்பு எக்கச்சக்கமா இருக்கு! புளிப்பே இல்ல! அவ்வளவு மழையில இது எப்படிண்ணே?"

கடப்பாரைக்கு ரோஜாத் தொட்டி ஞாபகம் வந்தது. வருடம் பூராவும் முட்டை ஓட்டை நுணுக்கி அந்தத் தொட்டியில் போட்டு வந்தவள் அவர் மனைவி.

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும், மேடம்."

"மூணு தடவை பார்த்துட்டேன். நாளைக்கே மலைக்குப் போறோம். அந்தக் குழியை நான் கண்ணால பார்க்கணும்."

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு விசாரணை காத்திருந்தது.

"ரோஜாவுக்கு வேர் வெளியில தெரியுது. யார் தோண்டினது?"

"பூனையா இருக்கும்."

"எந்தப் பூனை கரண்டி வச்சுத் தோண்டுது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனைவி சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ என் தொட்டி மண்ணுதான் அந்த மலையிலயே ஒசத்தியா?" என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நாளைக்கு உண்மையைச் சொல்லிடுங்க. மலை போனா என்ன, நான் இல்லையா?"

மலையும் நீயும் ஒன்றா என்று நாக்கு நுனி வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

மறுநாள் காலையில் அதிகாரி புதுச் செருப்பும் தொப்பியுமாகத் தயாராக நின்றார். கடப்பாரை தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதிகாரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. குறிப்பேட்டைத் திறந்து ஒரு தாளைக் கிழித்தார்.

"சுண்ணாம்புக்குக் காரணம் மலை உச்சியில பறவை முட்டை ஓடா இருக்கும்னு ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன், அண்ணே. கால் முடியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மலையை விட்டு எறக்கிடுவீங்க, மேடம்."

"நீங்க இருங்க. நானே போய் எடுத்துட்டு வரேன்."

அன்று பகல் முழுக்க அவர் பாட்டில் கழுவினார். ஒவ்வொரு பாட்டிலையும் துடைத்து வைக்கும்போது ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மேகம் உச்சியை மூடியிருந்தது.

சாயங்காலம் அதிகாரி நனைந்து, நொண்டிக்கொண்டே வந்தார். "ஏழாவது" என்று பையை மேஜையில் வைத்தார். பழக்கதோஷம், கடப்பாரையின் கை பைக்குள் போய்விட்டது. ஒரு பிடி எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. நார் இல்லை. விரலில் ஏதோ தட்டுப்பட, எடுத்து விளக்கடியில் பிடித்தார். ஓர் இலைக்காம்பு.

"மேடம், இது ஆறாவது."

"இல்ல அண்ணே, ஏழாவதுதான்..."

"மேல மரமே கிடையாது, மேடம். இந்தக் காம்பு எங்கேருந்து வந்துச்சு?"

அதிகாரி திருதிருவென்று விழித்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம்.

"ஒரே மேகம்ணே. காலும் முடியல," என்றார் மெதுவாக. கொப்புளத்தைத் தடவிக்கொண்டே, "கால் ஆறினதும் ரெண்டு பேருமா போலாமா? ரெண்டு நாள் எடுத்துக்கலாம், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். குழியை நான் தோண்டிக்கிறேன். நீங்க கையில வாங்கிப் பார்த்து, எத்தனாவது மண்ணுன்னு சொன்னாப் போதும்."

கடப்பாரை பாட்டில் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு மண். பைச் சீட்டில் ஏழு என்று இருந்ததை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார்.

"போலாம், மேடம். அதுவரைக்கும் எங்க வீட்டுப் படிப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. தொட்டியில இன்னும் பாதி மண்ணு இருக்கு."