அண்ணனின் சட்டைப்பைக் கேமரா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய ஒரே தங்கையான நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது போளூரில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்ததும் வாழ்ந்ததும் ஆரணியில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, அப்பாவோடு பட்டுச்சேலை வியாபாரத்தில் இறங்கினார். என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்.

அவருக்கென்று இருந்த ஒரே ஆசை போட்டோ எடுப்பது. முதலில் தோல் உறை போட்ட கனமான கேமரா வைத்திருந்தார். வெளிச்சம் பார்த்து, தூரம் சரிசெய்து எடுத்தால் சேலையின் சரிகை இழைகூடத் தெரியும். ஆனால் சேலை மூட்டையோடு வேலூர் பஸ் ஏறுகிறவர் அதையும் எப்படிச் சுமப்பார்? அது பீரோவிலேயே கிடந்தது. எழுபதுகளின் கடைசியில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு சின்ன கேமரா வாங்கினார். அது எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். பிலிம் நகத்தளவுதான் என்பதால் படங்கள் கலங்கலாகவே வரும்.

அப்பா தம் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது? நானா, நெல்லு மூட்டையா?" என்று கேட்டார்.

"பெரிய கேமரான்னா நீங்க சட்டை மாத்திகினு வந்து வெறைப்பா நிப்பீங்கப்பா. இதுலதான் சும்மா இருக்கீங்க" என்றார் அண்ணன்.

பிறகு அப்பாவுக்கு ஞாபகமறதி வந்தது. ஒரு நாள் மத்தியானம் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பெரிய கேமராவில் எடுத்த அவருடைய தெளிவான படத்தை அண்ணன் பஸ் நிலையத்திலும் கடைவீதியிலும் காட்டி அலைந்தார். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலத்தில் ஒரு டீக்கடைக்காரரும் அந்தப் படத்தைப் பார்த்துத் தெரியாதென்று தலையாட்டிவிட்டார். அண்ணன் தயங்கித்தான் சின்ன கேமராவில் எடுத்த படத்தை நீட்டினார். அதில் முகமே சரியாகத் தெரியாது.

"அட, இவரா! கையப் பின்னாடி கட்டிகினு, ஒரு தோளச் சாச்சிகினு நிப்பாரே! இப்பதாங்க டீ குடிச்சிட்டுப் போனாரு. கோயில் மண்டபத்துல குந்திகினு இருக்காரு, போய்ப் பாருங்க."

ஓடினோம். அப்பா எங்களைப் பார்த்து, "வேலூர் பஸ்ஸு இன்னும் வரலடா" என்றார். அண்ணன் அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் அப்பா சில வருடங்கள் இருந்து, வீட்டிலேயே, அண்ணன் மடியில்தான் கண்ணை மூடினார்.

அண்ணனுக்கு இதயநோய் வந்தபோது நாங்கள் பயந்தது நடக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகவே திரும்பினார். உடனிருந்து பார்த்துக்கொண்ட மைத்துனர்களுக்கும், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடையைக் கவனித்துக்கொண்ட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அதன்பின் வீட்டிலேயே கழிந்த அவருடைய கடைசி நாளைப் பற்றிக் கேட்பவர்களிடம் அண்ணி இன்றும் சொல்வது இதுதான்: "நல்லா பேசிகினு இருந்தாரு. ரசம் சாதம் கேட்டுச் சாப்ட்டாரு. வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. தூங்கினாரு."